மணி அடித்த பிறகு வந்த கல்

எங்கள் அடுக்குமாடி வளாகத்துப் பிள்ளைகள் சாயங்காலத்தில் கீழே பந்து விளையாடுகிறார்கள். ஒருவன் பந்தை எறிய, இன்னொருவன் போனில் படம் பிடிக்கிறான். பிறகு எல்லோரும் தலைகளை ஒட்டி வைத்துக்கொண்டு அந்தப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். பந்து கையை விட்டுப் புறப்படுகிறது, ஏறுகிறது, உச்சியில் கொஞ்சம் தயங்குகிறது, இறங்குகிறது. பள்ளிக்கூடத்தில் பாடமாம். போன வாரம் ஒரு சின்னப் பெண் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "பாட்டி, இதைப் பாருங்க" என்றாள். பந்து நேர் மேலே போய்ப் படத்தைத் தாண்டி மறைந்துவிட்டது. "கீழ வந்துச்சா, பாத்தியா?" என்று கேட்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "வராம எங்க போகும் பாட்டி?"

என் வயதுக்காரர்களான நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் ஊர். அப்போது நாங்கள் சேலம் ஜில்லா. இந்தத் தொழிற்பேட்டையெல்லாம் யாருடைய கனவிலும் இல்லை, கெலவரப்பள்ளியில் அணையும் இல்லை. ராகிக் கொல்லை, புளியமரம், மொட்டைப் பாறை மலை, மலைச்சரிவில் ஒரு கல்குவாரி. ரோடு போடவும் பாலம் கட்டவும் அங்கிருந்துதான் கல் போனது. அப்பா குவாரியில் மணிக்காரர். சித்தப்பா வெடி வைப்பவர். அம்மா மற்ற பெண்களோடு ஓலைத் தட்டியின் நிழலில் உட்கார்ந்து சல்லி உடைப்பாள். எங்கள் வீட்டுச் சோற்றில் பாதி கல் என்று சித்தப்பா கேலி செய்வார். அது கேலி மட்டுமல்ல, ராகிக் களியில் நிஜமாகவே கல்தூள் நறநறக்கும்.

வெடி வைப்பது உச்சி வெயிலில். சித்தப்பா திரியில் நெருப்பு வைத்துவிட்டு, மலை உச்சியில் இருந்த ஒரு பாறைப் பொந்துக்குள் போய்ப் பதுங்கிக்கொள்வார். கீழே ஓடி வருவதைவிட அதுதான் கிட்டம். பெண்களும் பிள்ளைகளும் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போவதற்காகக் கட்டியிருந்த கல் மோரிக்குள் நுழைந்துகொள்வோம். மோரிக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், கல் பலகைகளை நட்டு மேலே ஒரு பலகை போட்ட கூண்டு. அதில் அப்பா நிற்பார். கூண்டின் முன்னால் ஒரு துண்டுத் தண்டவாளம் தொங்கும். அதுதான் மணி.

மோரிக்குள் நான் அம்மாவின் புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு காதைப் பொத்திக்கொள்வேன். வெடித்ததும் தரை ஒருமுறை வயிற்றுக்குள் வந்து போகும். அதன்பின் கல் விழும் சத்தம், ரோட்டின்மேல், வரப்பின்மேல், புளியமரத்தில். கடைசியில், வெகு தூரத்தில், ஏரியில் தண்ணீர் தெறிக்கும். அப்பா அந்தத் தெறிப்புக்காகத்தான் ஏரியைப் பார்த்தபடி நிற்பார். தெறித்ததும் சம்மட்டியால் தண்டவாளத்தில் அடிப்பார். எல்லோரும் வெளியே வரலாம்.

அந்த முறை அப்பாவே ஏற்படுத்தியது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. யார் கேட்டாலும் விளக்குவார். "ஏரி எம்மாந்தூரம் இருக்குது? அவ்ளோ தூரம் போன கல்லே விழுந்துட்டுது. கிட்ட விழறது எப்பவோ விழுந்திருக்கும்ல?" கண்டிராக்டர் தலையாட்டினார், மேஸ்திரி தலையாட்டினார், ஊரே தலையாட்டியது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஏரிக்கு ஒரு கல்லாவது போகாத வெடியே கிடையாது.

ஒருமுறை மணி அடித்த பிறகு ஓர் ஆடு மண்டை பிளந்து செத்தது. மலைமேல் குரங்கு கல்லை உருட்டிவிட்டது என்றார்கள். இன்னொருமுறை தட்டியில் ஓட்டை விழுந்தது. அதுவும் குரங்கின் கணக்கில் சேர்ந்தது. இன்று நினைத்தால் அந்தக் குரங்குகளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

அந்த வருஷம், ராகி அறுப்புக்கு முன்னால், பெங்களூரிலிருந்து ஒருவர் லாரியில் வந்து இறங்கினார். காலேஜில் பாடம் சொல்கிறவர். நாங்கள் வைத்த பெயர் படக்கார சார். வெடியில் கல் எப்படிப் பறக்கிறது, எவ்வளவு வேகத்தில் பறக்கிறது என்று படம் பிடித்துப் பார்க்க வந்திருந்தார். அவருடைய கேமரா தகரப் பெட்டி போல் இருக்கும். ஓட ஆரம்பித்தால் தையல் மிஷினை வெறிபிடித்து மிதிப்பதுபோல் ஒரு சத்தம் வரும், நாம் மூச்சை இழுத்து விடுவதற்குள் சுருள் முழுக்கத் தீர்ந்துவிடும். அந்த ஒரு மூச்சில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துவிடுமாம். திரும்ப ஓட்டும்போது எல்லாம் மெதுவாக நடக்குமாம். அவர் பாதிக் கன்னடத்தில் சொன்னதில் எங்களுக்குப் புரிந்தது ஒன்றுதான். சினிமா எடுக்கிறார்கள்.

அளவு தெரிவதற்காக மூங்கில் கழிகளில் முழம் முழமாகக் கறுப்பும் வெள்ளையும் பூசி மலைச்சரிவில் நட்டார். பூசிக் கொடுத்தது நாங்கள்தான். அப்பா தன் மணிக் கணக்கை அவருக்கும் விளக்கினார். அவரும் தலையாட்டினார். இதை நான் குறிப்பாகச் சொல்கிறேன், படித்தவர் படிக்காதவர் என்று இதில் பேதமில்லை.

படம் பிடிக்கும் நாள் ஊரே குளித்துத் தலைவாரிக்கொண்டது. அம்மா எனக்கு ரெட்டைச் சடை பின்னிப் பூ வைத்தாள். மோரிக்குள் பதுங்குவதற்குக் கல்யாணப் புடவையில் வந்தவர்களும் உண்டு. மேஸ்திரிதான் எல்லோரையும் மிஞ்சினார். தெலுங்குக்காரர், பெரிய மீசை, பெரிய குரல். அன்றைக்குக் கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு வந்தார். மணி அடித்ததும் புகை அடங்கும் முன்னால் நடந்து வந்து கேமராவில் விழ வேண்டும் என்பது அவர் திட்டம். "நான் நடந்து வர்றப்போ எடு சார்" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவருக்கும் சித்தப்பாவுக்கும் அப்போது பேச்சில்லை. முந்தின சந்தை நாளில், வெடிக்காமல் நின்றுபோன ஒரு குழியை மறுபடி தோண்டச் சொன்னார் மேஸ்திரி. உள்ளே மருந்து இருக்கும்போது உளி வைத்தால் ஆள் தேறமாட்டான். சித்தப்பா முடியாது என்றார். மேஸ்திரி செருப்பைக் கழற்றி எறிந்தார். அது சித்தப்பாவின் முகத்தில் பட்டது.

"ஒரு நாளைக்கி உன் தலையில கல்லு விழும், பாத்துக்க" என்றார் சித்தப்பா. நூறு பேர் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

இனி நடந்ததை நான் மோரியின் வாயிலிருந்து பார்த்தேன். வெடி வெடித்தது. கேமரா கிறீச்சிட்டது, அடங்கியது. கற்கள் விழுந்தன. ஏரியில் வெள்ளையாகத் தண்ணீர் எழும்பியது. அப்பா மணி அடித்தார். மேஸ்திரி பாறை மறைவிலிருந்து வெளியே வந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மீசையைத் தடவியபடி நடந்தார். நாலடிகூட நடந்திருக்க மாட்டார். ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது. இன்றுவரை என்னால் கோயிலில் தேங்காய் உடைக்கும் இடத்தில் நிற்க முடிவதில்லை.

லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு ஓடினார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. ஜரிகைத் தலைப்பாகை புழுதியில் பிரிந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

மலைமேல் இருந்தது ஒரே ஆள். சாயங்காலத்துக்குள் போலீஸ் வந்து சித்தப்பாவை இறக்கிக்கொண்டு போனது. "நான் பொந்துக்குள்ளதான் இருந்தேன், சத்தியமா" என்று அவர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். அப்பாவைப் பார்த்து, "அண்ணா, நீ சொல்லண்ணா" என்றார்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பாவை வளர்த்ததே அவர்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உங்க தம்பி அப்படிச் செய்வாரா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மணி அடிச்சப்புறம் ஆகாசத்துல கல்லு ஏது?" என்றார் அப்பா. "எவனோ போட்டாத்தான் விழும். மேல இருந்தவன் அவன் ஒருத்தன்தான்."

"குரங்கு கிரங்கு..."

"கம்முனு இரு."

எனக்குத் தூக்குப் போடுவது என்றால் என்ன என்று பக்கத்து வீட்டுப் பையன்கள் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டு விட்டத்தில் தொங்கிய உறி ஆடினால் எனக்கு மூத்திரம் வந்துவிடும். அம்மா களியும் கீரையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் சப் ஜெயிலில் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு வருவாள். அப்பா ஒருமுறையும் போகவில்லை. தான் பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனைக் கொலைகாரன் என்று ஒரு மனிதர் எப்படி அவ்வளவு சீக்கிரம் நம்பினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவரை வெறுத்தேன். நம்பாமல் இருந்தால் அடுத்து எதை நம்ப வேண்டியிருக்கும் என்று அவருக்குள் எங்கோ தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பெங்களூரில் கழுவிய படச்சுருளோடு படக்கார சார் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் சப் இன்ஸ்பெக்டரைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். கண்டிராக்டரின் சிமெண்டு கிடங்கில் ஜன்னல்களுக்குச் சாக்கு அடித்து இருட்டாக்கி, வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். வெளியே பட்டப்பகல். அம்மா என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார்.

வேட்டியில் எங்கள் மலை தெரிந்தது. நாங்கள் பூசிய கழிகள் தெரிந்தன. பாறை சத்தமே இல்லாமல் அப்பளம் பொரிவதுபோல் உப்பியது. கீறல் விட்டது. கீறல்களிலிருந்து புகை கிளம்பியது, புகையிலிருந்து கற்கள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், புறப்பட்டு வந்தன. சத்தத்துக்குப் பயந்தே வளர்ந்த எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அம்மாவின் இடுப்பைக் கடித்துவிட்டேன்.

சார் ஒரு குச்சியால் காட்டினார். "இது ஏரிக்குப் போறது. பாருங்க, சாய்வாப் போறது." அந்தக் கல் வேட்டியின் ஓரத்தைத் தாண்டிப் போனது. "இந்தக் கல்லு, இது." முஷ்டி அளவு கறுப்புக் கல் ஒன்று கழிகளை ஒட்டி நட்டக்குத்தலாக ஏறியது. ஏறி, ஏறி, வேட்டியின் மேல் விளிம்பில் மறைந்தது. "வேகம் இரண்டுக்கும் ஒரே ரீதிதான். சாய்வாப் போறது தூரம் போகும், ஆனா உயரம் கம்மி, சீக்கிரம் விழுந்துடும். நேரா மேலே போறது தூரம் போகாது. ஆனா ரொம்ப உயரம் போகும். அங்கே நின்னு, திரும்பி, அத்தனை உயரமும் இறங்கி வரணும். ஏரிக் கல்லு விழுந்தப்புறம்தான் இது வரும்."

"மேல போனது தெரியுது," என்றார் சப் இன்ஸ்பெக்டர். "கீழ வந்தது எங்க சார்?"

அதுதான் படத்தில் இல்லை. கல் உச்சிக்குப் போகும் முன்பே சுருள் தீர்ந்திருந்தது. சார் கரித்துண்டால் சுவரில் கணக்குப் போட்டார். சுவர் நிறைந்ததே தவிர யாருக்கும் எதுவும் ஏறவில்லை. "ஏட்டுக் கணக்கை வச்சு நான் ஆளை விடமுடியுமா?" என்று சப் இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். வேட்டியில் படம் நின்று வெறும் வெளிச்சம்தான் இருந்தது. அந்த வெளிச்சத்தின் மேல் விளிம்பையே அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இன்னொரு வெடி வெச்சுப் பாத்துடலாம் சாமி," என்றார். கிடங்குக்குள் அதுதான் அவர் பேசிய முதல் பேச்சு.

அதே அளவு மருந்து, அதே இடத்துப் பாறை. நீளமான திரி வைத்து, பற்ற வைத்த வேறொருவன் மலையைவிட்டு இறங்கி வந்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நின்றான். மலைமேல் ஈ காக்கை கிடையாது. "ஒவ்வொரு வெடியும் ஒரே ரீதி இருக்காது. கல்லு மேலே போகலாம், போகாமலும் இருக்கலாம்" என்று சார் எச்சரித்தார். போகாவிட்டால்? அதை யாரும் கேட்கவில்லை.

சப் இன்ஸ்பெக்டரும் சாரும் அப்பாவின் கூண்டில் நின்றார்கள். நாங்கள் மோரியில். பிறந்ததிலிருந்து கல் விழக் கூடாது என்றே சாமி கும்பிட்டு வந்தவள், அன்று ஒரு நாள் விழ வேண்டும் என்று கும்பிட்டேன். மாரியம்மா, ஒரே ஒரு கல்லு. சித்தப்பாவுக்காக ஒரு கல்லு. இப்படி வேண்டிக்கொள்கிறோமே, அது நம் தலையில் விழுந்துவிட்டால் என்ற பயமும் கூடவே பிடுங்கியது.

வெடித்தது. கற்கள் பொழிந்தன. பிறகு ஏரியில் தண்ணீர் தெறித்தது.

அப்பாவின் கை பழக்கத்தில் தானாகவே சம்மட்டியோடு மேலே போனது. பாதியில் நின்றது. அப்படியே நின்றது. மோரிக்குள் பெண்கள் வழக்கம்போல் எழப் போனார்கள், மணி கேட்காததால் குனிந்தபடியே நின்றார்கள். எங்கோ ஒரு மைனா கத்தியது. அவ்வளவு நீளமான அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"அவ்ளோதானா?" என்று சப் இன்ஸ்பெக்டர் கூண்டைவிட்டு ஒரு காலை வெளியே வைத்தார்.

அப்பா சம்மட்டியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அவருடைய பெல்ட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இருங்க சாமி! இருங்க!"

முதலில் ஒரு சீழ்க்கை மாதிரி கேட்டது. பிறகு ஓலைத் தட்டி கிழிந்தது. சல்லிக் குவியல் சிதறியது. அம்மா தினமும் மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் உட்காரும் இடம் அது.

மோரிக்குள் ஒரு கிழவி கைகூப்பினாள். அம்மா அழவில்லை. என்னை இறுக்கிப் பிடித்ததில் எனக்கு விலா வலித்தது. சப் இன்ஸ்பெக்டர் தன் பெல்ட்டைச் சரிசெய்யவே மறந்து நின்றார். "நானும் அன்னிக்குத் தலை ஆட்டினேனே," என்று படக்கார சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்பா தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மணி அடிக்க ஆளில்லை. வெகுநேரம் நாங்கள் யாருமே வெளியே வரவில்லை.

சித்தப்பாவை விட்டுவிட்டார்கள். தாடியோடு வந்து வாசலில் நின்று, "அண்ணன் எங்க?" என்றார். அப்பா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா போய்ப் பக்கத்தில் குந்தினார்.

"நான் கல்லு போட்டிருப்பேன்னு நெனச்சியாண்ணா?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். "நெனச்சேன்" என்றார்.

சித்தப்பா அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டார். என் தலையைத் தடவினார். மறுநாள் ஊத்தங்கரைப் பக்கம் கிணறு வெட்டப் போனவர், அதன்பின் என் கல்யாணத்துக்குத்தான் வந்தார். வந்தும் அப்பாவோடு பந்தியில் உட்காரவில்லை. அந்த ஒரு சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை. எனக்கு இருவர் மேலும் கோபம் உண்டு, இருவருக்காகவும் அழுதிருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மேஸ்திரியின் மனைவி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கைக்குழந்தை வைத்திருந்தாள். கொன்றது சித்தப்பா இல்லையென்று ஆகிவிட்டதே, அவளுக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தமிழ் அவளுக்குத் தடுமாறும்.

"அவரு போடலைன்னு சொல்றாங்க. அப்போ கல்லை யாரு போட்டாங்க?"

அம்மா முந்திக்கொண்டு ஏதோ சொல்லப் போனாள். அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"யாரும் போடலம்மா. மேல போனது கீழ வந்துச்சு. அது வர்றதுக்குள்ள நான் மணி அடிச்சுட்டேன்."

அவள் திட்டவில்லை. குழந்தையின் தலைமேல் ஒரு கையை, குடை பிடிப்பதுபோல் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

குவாரி மூடும்வரை மணி அடித்தது அப்பாதான். படக்கார சார் இவ்வளவு நேரம் பொறுத்தால் போதும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது போதவில்லை. ஏரியில் தண்ணீர் தெறித்து, வளையம் கரைக்கு வந்து, அடங்கி, அதற்கு மேலும் நிற்பார். புது மேஸ்திரி கத்துவார், பெண்கள் மோரிக்குள்ளிருந்து முனகுவார்கள். "இருங்க, ஆகாசத்துல இன்னும் இருக்குது" என்பார் அப்பா. கறுப்பு வெள்ளை பூசிய கழி ஒன்று எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடியாக ரொம்ப நாள் இருந்தது. எப்போது காணாமல் போனதோ தெரியாது.

அப்பா படுக்கையில் விழுந்து என்னோடு ஓசூரில் இருந்தபோது ஒரு தீபாவளி வந்தது. தெருவில் காலையிலிருந்து வெடி. மதியம் ஒருவழியாக ஓய்ந்தது. பிள்ளைகள் வெளியே போகத் துடித்தார்கள். நான் கதவைத் திறக்க எழுந்தேன். பேச்சு போய் மாதக்கணக்கான மனிதர், கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலம் இல்லை, நான் உதறியிருக்கலாம். உதறவில்லை. பிள்ளைகளை உட்காரச் சொன்னேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அவராக விடும்வரை கதவைத் திறக்கவில்லை.